டம்ளரில் ரசம்



போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்று இன்னும் என் மேசை மேலேயே இருக்கிறது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி, நோட்டுத் தாளைக் கிழித்து இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருக்கிறார். தீப்பெட்டி ஆபீசில் வேலை. மூன்று வருடமாகச் சர்க்கரை. "அரிசியைக் குறைக்கணும்னு ஆஸ்பத்திரியில சொல்லுதாங்க. ரேசன்ல சும்மா கிடைக்கது அரிசி ஒண்ணுதான். அதையும் குறைச்சா வயித்துக்கு என்னத்தப் போட? நீங்க போடுத சமையல்ல எல்லாம் பாதாம் மாவு, பன்னீர், ஆலிவ் ஆயில்னு வருது. எங்களுக்குன்னு ஏதாவது எழுதுவீகளா அக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

அவர் கேட்டது முழுக்க நியாயம். நம் சமையல் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தேன். 'சர்க்கரை நோயாளிகளுக்கு' என்று தலைப்பிட்டு நாம் வெளியிட்ட குறிப்புகளில் பாதிக்கு மேல், அவர் ஊர்க் கடைத்தெருவில் கிடைக்காத சாமான்கள்தான் இருக்கின்றன. இன்னொன்றும் உறுத்தியது. எனக்கே பதினோரு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. இந்தப் பக்கத்தில் எத்தனையோ விஷயம் எழுதியிருக்கிறேன், இதை ஒருநாளும் எழுதியதில்லை. இந்த மாதம் எழுதிவிடுகிறேன்.

நான் பிறந்தது கும்பகோணத்தை ஒட்டிய ஒரு கிராமம். வீட்டுக்குள் நுழைந்தால் நெல் வாசனைதான் முதலில் வரும். சோறு எங்களுக்கு உணவு மட்டுமில்லை, மரியாதை. வந்தவரை 'சாப்பிட்டீங்களா' என்று கேட்பதற்கு எங்கள் ஊரில் சோறு தின்றாயிற்றா என்பதுதான் பொருள். இலைக்கு வெளியே ஒரு பருக்கை சிந்தினாலும் அப்பா எடுத்துப் போட்டுக்கொள்வார். அப்படி வளர்ந்தவளிடம் நாற்பத்திரண்டாவது வயதில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் 178. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 286. மூன்று மாத சராசரி 9.4. அந்தக் கடைசி எண் 6.5ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்று மருத்துவர் விளக்கினார்.

பிறகு எல்லோருக்கும் சொல்லப்படுவதே எனக்கும் சொல்லப்பட்டது. இனிப்பை விடுங்கள், சோற்றைக் குறைத்துச் சப்பாத்திக்கு மாறுங்கள், கேழ்வரகு சேருங்கள், சிறுதானியம் நல்லது. ஒன்று விடாமல் செய்தேன். காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மதியம் வரகரிசிச் சாதம், இரவு மூன்று சப்பாத்தி. காபியில் சீனியை நிறுத்தி நாட்டுச் சர்க்கரை போட்டேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் சராசரி 8.7. அவ்வளவு வைராக்கியமாக இருந்தும் இவ்வளவுதானா என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுதுவிட்டேன்.

அன்று மாலைதான் குளுக்கோமீட்டர் வாங்கினேன். இப்போது நினைத்தால், இந்தப் பதினோரு வருடத்தில் நான் செய்த நல்ல காரியங்களில் முதலாவது அதுதான். அடுத்த நாள் வரகரிசியில் எலுமிச்சைச் சாதம். சாப்பிடும் முன் விரலைக் குத்திப் பார்த்தேன், 131. எப்போதும் சாப்பிடும் அளவே சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தேன், 247. மறுநாள் அதே அளவுக்குப் பொன்னி அரிசிச் சாதம். 252. இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்தே ஐந்து. ஸ்ட்ரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களைத் திண்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் அரிசியின் பெயரைத்தான் மாற்றியிருக்கிறேன், மாவுச்சத்தின் அளவைக் குறைக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கணக்கு மிகவும் எளிது. நூறு கிராம் பச்சரிசியிலோ புழுங்கலரிசியிலோ ஏறக்குறைய 78 கிராம் மாவுச்சத்து. தினை, சாமை, வரகு, குதிரைவாலி எல்லாம் 60 முதல் 70 வரை. கோதுமையும் அந்த அளவை ஒட்டியதே. சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல், சத்துக்கள் கூடுதல், மறுக்கவில்லை. ஆனால் தவிட்டை நீக்கிப் பளபளப்பாகத் தீட்டிய வரகைக் குழையக் குழைய வேகவைத்து ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டால், உடம்பு அதைச் சோறாகத்தான் எடுத்துக்கொள்ளும். கஞ்சி என்றால் இன்னும் வேகம். மாவாக அரைத்துக் கரைத்துக் காய்ச்சிவிட்டால் குடலுக்கு என்ன வேலை மிச்சம்? நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் இதே கதைதான். இரத்தத்துக்குள் போனபின் அது பனையிலிருந்து வந்ததா, கரும்பிலிருந்து வந்ததா என்ற பேதம் கிடையாது.

என் ஒருத்தி விரலை வைத்து இதை எழுதவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய பெரிய ஆய்வு ஒன்று உண்டு. நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று 2023ல் சொன்னது அந்த ஆய்வுதான். அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025ல் வெளிவந்தது. நாம் சாப்பிடும் மொத்த கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்கிறது அது. வெள்ளை அரிசியை எடுத்துவிட்டு அதே இடத்தில் முழுக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் மட்டும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டுப் பருப்பு, பால், முட்டை, மீன் போன்ற புரதத்தை வைத்தால்தான் குறைகிறது என்றும் சொல்கிறது. அதைப் படித்தபோது என் பழைய ஸ்ட்ரிப் இரண்டும் நினைவுக்கு வந்தன.

சப்பாத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. சப்பாத்திக்கு ஒரே ஒரு நன்மை உண்டு. அதை எண்ணலாம். சோற்றை யாரும் எண்ணுவதில்லை, அன்னவெட்டியால் அள்ளித்தான் போடுகிறோம். 'இரண்டு சப்பாத்தி' என்றால் இரண்டோடு நிற்கிறது. 'கொஞ்சம் சோறு' என்றால் அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று போடுகிற கைக்குத்தான் தெரியும். சர்க்கரைக்காரர்களுக்குச் சப்பாத்தியால் பலன் கிடைப்பதன் காரணம் பெரும்பாலும் இந்த எண்ணிக்கைதான் என்பது என் அபிப்பிராயம். அப்படியானால் சோற்றையும் அளந்துவிட்டால் போயிற்று.

அளந்தேன். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் சோற்றைத் தட்டோடு வைத்துப் பார்த்தேன். தட்டின் எடை போக 340 கிராம். நூறு கிராம் சோற்றில் 28 கிராம் மாவுச்சத்து என்றால், ஒரு வேளைக்கே 95 கிராம். டீஸ்பூன் சர்க்கரை 4 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 24 ஸ்பூன். காபியில் ஒரு ஸ்பூன் சீனிக்காக எத்தனை நாள் என்னோடு நானே சண்டை போட்டிருக்கிறேன்!

சோறு ஏன் அவ்வளவு ஏறுகிறது என்று யோசித்தபோதுதான் நம் சாப்பாட்டின் அமைப்பே கண்ணில் பட்டது. முதலில் குழம்புக்குச் சோறு. அடுத்தது ரசத்துக்குச் சோறு. கடைசியாக மோருக்குச் சோறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை அன்னவெட்டி தட்டுக்கு வரும். கூட்டும் பொரியலும் ஓரத்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு உட்கார்ந்திருக்கும். அவை 'தொட்டுக்கொள்ள'. பெயரிலேயே சொல்லிவிட்டோம், தொட்டுக்கொண்டால் போதும் என்று.

இதைத்தான் மாற்றினேன். வேறு எதையும் பெரிதாக மாற்றவில்லை. ரசத்தையும் மோரையும் டம்ளருக்கு மாற்றிவிட்டேன். சாப்பாட்டுக்கு முதலில் உட்கார்ந்ததும் ஒரு டம்ளர் ரசம், மிளகு தூக்கலாக, சுடச்சுட. அப்புறம் தட்டு நிறையக் காய். ஒரு கிண்ணம் கெட்டியான கூட்டு, அதே அளவு பொரியல், அதோடு முட்டையோ மீனோ. அவையெல்லாம் பாதிக்கு மேல் உள்ளே போன பிறகு நூறு கிராம் சோறு, குழம்புக்கு மட்டும். கடைசியில் ஒரு டம்ளர் மோர், இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டு. காய்தான் சாப்பாடு, சோறு தொட்டுக்கொள்ள. அன்று சாப்பிடும் முன் 126, இரண்டு மணி நேரம் கழித்து 162. அந்த 162ஐ நாட்காட்டியில் அன்றைய தேதிக்குக் கீழே எழுதி வட்டம் போட்டேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

சாப்பிடும் வரிசைக்கே ஒரு பலன் உண்டு என்பது பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015ல் 11 பேரை வைத்துச் சின்னதாக ஒரு சோதனை செய்தார்கள். ஒரே சாப்பாடு. ஒருநாள் மாவுப் பண்டத்தை முதலில் கொடுத்தார்கள், இன்னொரு நாள் காயையும் கோழியையும் கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து மாவுப் பண்டத்தைக் கொடுத்தார்கள். காய் முதலில் போன நாளில் ஒரு மணி நேரத்து இரத்தச் சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக இருந்தது. பந்தியில் கூட நாம் இதைச் செய்யலாம். இலையில் காய் எல்லாம் வைத்த பிறகுதான் சோறு வருகிறது. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "என்னடி இது, குருவி கொறிக்கிற மாதிரி? உழைக்கிற உடம்பு, சோறு இல்லாம எப்படித் தாங்கும்?" என்று தினமும் ஒரு பாட்டம். நான் பதில் பேசாமல் இன்னொரு கரண்டி அவரைக்காய்ப் பொரியலைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். வயிறு நிறைந்தது என்பது அவள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதுதான் முக்கியம். சோற்றைக் குறைத்தவர்கள் இரண்டே வாரத்தில் பழைய வழிக்குத் திரும்புவதற்குக் காரணம் மன உறுதி இல்லாமை அல்ல, பசி. சோற்றை எடுத்த இடத்தில் எதையும் வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். பசித்த வயிறு நான்கு மணிக்குப் பிஸ்கட் டப்பாவைத் தேடிப் போகும். எடுத்த இடத்தில் காய், பயறு, முட்டை, மீன், தேங்காய், வேர்க்கடலை, தயிர் என்று வைத்துவிட வேண்டும். வெண்டை, கோவை, புடலை, பீர்க்கு, சுரை, கொத்தவரை, பாகல், முட்டைக்கோஸ், வாழைத்தண்டு, வாழைப்பூ, எந்தக் கீரையானாலும் தாராளமாகச் சாப்பிடலாம். உருளை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி மட்டும் காய் வரிசையில் சேராது, அவை சோற்றின் பங்காளிகள்.

காலைச் சாப்பாடுதான் எனக்கு அதிக நாள் பிடித்தது. நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் பள்ளிக்கூட நாளிலிருந்து வந்த பழக்கம். இப்போது ஒரே ஒரு இட்லி, கிண்ணம் நிறையக் காய்கறி சாம்பார், இரண்டு முட்டை. மற்ற நாள்களில் அடை. வழக்கமான அடைக்கு அரிசி இரண்டு பங்கு, பருப்பு ஒரு பங்கு போடுவார்கள். நான் அதைக் கவிழ்த்துவிட்டேன். கடலைப்பருப்பு, துவரை, உளுந்து, பாசிப்பயறு எல்லாம் சேர்ந்து நான்கு பங்கு, அரிசி ஒரு பங்கு. அரிசி குறைந்தால் மொறுமொறுப்பு வராது என்பார்கள். முருங்கைக்கீரையைக் கிள்ளிப் போட்டு, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் விட்டு மெதுவாக வேகவிட்டால் வரும். அதோடு அவியல் இருந்தால் ஒரு அடையே போதும். மாலையில் வேகவைத்த வேர்க்கடலை, இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி சுண்டல். பழம் என்றால் ஒரு சின்னக் கொய்யா, நாவல் பழ நாளில் நாவல். மாம்பழக் காலத்தில் இரண்டு கீற்று சாப்பிடுகிறேன், அன்று சோற்றில் பாதியை விட்டுவிடுவேன். சாப்பிட்டதும் படுக்காமல் கால் மணி நேரம் தெருவில் நடந்தால் அதற்கும் மீட்டரில் பலன் தெரிகிறது.

ஒரு நாளைக்கு 120 கிராம் மாவுச்சத்துக்குள் என் கணக்கு அடங்கிவிடுகிறது. 130க்குக் கீழே வந்தாலே குறைமாவு உணவு என்று சொல்கிற வழக்கம் உண்டு. முப்பது கிராம், நாற்பது கிராம் என்று ஒரேயடியாகக் குறைக்கிறவர்களையும் அறிவேன். எனக்கு அது ஒத்துவரவில்லை, எல்லோருக்கும் தேவை என்றும் நினைக்கவில்லை. முன்னே சொன்ன அதே ஆய்வுக் குழு 2022ல் 18,090 பேரின் உணவை வைத்துக் கணக்கிட்டு, புதிதாகச் சர்க்கரை வந்தவர்கள் மாவுச்சத்தை மொத்த கலோரியில் 49 முதல் 54 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்து, புரதத்தை 20 விழுக்காடு வரை கூட்டினாலே நோய் தணிய வாய்ப்பு உண்டு என்றது. இது எவ்வளவு சாதாரணமான மாற்றம் என்று பாருங்கள். இதற்கு டப்பாப் பவுடரும் வேண்டாம், வெளிநாட்டு மாவும் வேண்டாம். அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் 2019 அறிக்கையும், இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதில் மாவுச்சத்தைக் குறைப்பதற்கே அதிகச் சான்று இருக்கிறது என்று சொல்கிறது. இது புது மோகமும் அல்ல. 1921ல் டொரொன்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்படும் வரை, மருத்துவர்கள் கையில் இருந்த பெரிய மருந்தே மாவுப் பண்டத்தை நிறுத்துவதுதான்.

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

ரசத்தை டம்ளருக்கு மாற்றிய மூன்றாவது வாரம். இதழ் அச்சுக்குப் போகும் நாள். மாலை ஐந்து மணிக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், பொருள் ஏறவில்லை. எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறுகின்றன. பேனா பிடித்த கை நடுங்குகிறது, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் ரவிக்கை நனைந்துவிட்டது. காரணமில்லாமல் எதிரில் இருந்தவர் மேல் எரிந்து விழுந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு வடிவமைப்பாளர்ப் பெண் என் கைப்பையிலிருந்து மீட்டரை எடுத்துக் குத்தினாள். 58. டீ போட வைத்திருந்த சீனியில் மூன்று ஸ்பூனைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தாள். கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்தினோம், 84. அப்புறம்தான் என் கையெழுத்து எனக்கே படிக்க வந்தது.

நடந்தது இதுதான். நான் கிளிமிப்பிரைடு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். அது சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிற மருந்து. 340 கிராம் சோற்றுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை 100 கிராம் சோற்றுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சோற்றைக் குறைத்த செய்தியை மருத்துவரிடம் நான் சொல்லவே இல்லை. சொன்னதும் அவர் மாத்திரையைப் பாதியாக்கினார், சில மாதத்தில் நிறுத்தியும் விட்டார்.

ஆகவே கிளிமிப்பிரைடு, கிளிகிளாசைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், முதலில் மருத்துவரைப் பாருங்கள், பிறகு சோற்றில் கை வையுங்கள். மெட்பார்மின் மட்டும் என்றால் தாழ்சர்க்கரை வருவது அபூர்வம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை ஒரேயடியாகக் குறைத்தால் இரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. மீட்டரில் எண் அதிகமாக இல்லாவிட்டாலும் வாந்தியும் மூச்சிரைப்பும் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் புரதத்தை இஷ்டத்துக்குக் கூட்டக் கூடாது. விழித்திரைப் பாதிப்பு இருந்தால் சர்க்கரையை வேகமாக இறக்குவதும் கண்ணைப் பாதிக்கக்கூடும் என்பதால், தொடங்கும் முன் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பிணிகளும், சிறு வயதிலேயே முதல் வகைச் சர்க்கரை வந்தவர்களும் இந்தப் பக்கத்தைப் பார்த்து எதையும் மாற்ற வேண்டாம். மீட்டர் 70க்குக் கீழே காட்டினால் யோசிக்க வேண்டாம், மூன்று ஸ்பூன் சீனி, கால் மணி நேரம், மறுபடி சோதனை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் விடும்.

நம் வாசகிகளிடம் மட்டும் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நாம் தட்டில் போட்டுக்கொள்வது மட்டும் நம் சாப்பாடு அல்ல. பிள்ளை வைத்துவிட்டுப் போன அரைத் தோசை, சட்டியின் அடியில் ஒட்டிய பொங்கல், நாளைக்குத் தாங்காது என்று வழித்துப் போட்ட இரண்டு கரண்டி புளிசாதம், இவையெல்லாம் யார் வயிற்றுக்குள் போகின்றன? ஒரு வாரம் அப்படிப் போட்டுக்கொண்டதை எல்லாம் நானும் எழுதி வைத்தேன். கூட்டிப் பார்த்தபோது கிட்டத்தட்ட இன்னொரு வேளைச் சாப்பாடு. அன்னத்தை வீணாக்கக் கூடாதுதான். அதற்கு வழி உலையில் போடுகிற அரிசியைக் குறைப்பது. எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு இரண்டு ஆழாக்கு வடித்தது இப்போது ஒன்றே கால் ஆழாக்குக்கு வந்திருக்கிறது. காயைக் கூட்டினேன், எல்லோருக்கும் ஒரே சமையல். 'நோயாளிச் சாப்பாடு' என்று தனியாக ஒரு அடுப்பு எங்கள் வீட்டில் இல்லை. அம்மாவுக்கும் சர்க்கரை, என் அக்காவுக்கும் சர்க்கரை. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், என் மகளுக்கு இந்தத் தட்டு இப்போதே பழகட்டும் என்று நினைக்கிறேன்.

விருதுநகர்ச் சகோதரிக்கு வருகிறேன்.

ரேஷன் அரிசியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. 1967ல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்குறுதி எத்தனை வீட்டு அடுப்பை எரியவைத்தது என்று என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். 2011லிருந்து அது விலையில்லாமலே வருகிறது. பசியைத் துரத்திய அரிசி அது. ஆனால் சகோதரி, இருபது கிலோ சும்மா கிடைக்கிறது என்பதற்காக அத்தனையையும் நாம் ஒருவரே சாப்பிட வேண்டியதில்லை. அதே ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை ஒரு மாதமும் விடாதீர்கள். உங்கள் பக்கத்தில் கொள்ளைக் காணம் என்பீர்கள். காணத்திலும் பாசிப்பயறிலும் நூறு கிராமுக்கு இருபது கிராமுக்கு மேல் புரதம். வேர்க்கடலையில் 25 கிராம். தட்டாம்பயறு, மொச்சை எல்லாம் அந்தக் கரிசல் பூமியில் விளைகிறவைதான். பயறிலும் மாவுச்சத்து இருக்கிறது, அதனால் கிண்ணம் கிண்ணமாக வேண்டாம். நார்ச்சத்தும் புரதமும் சேர்ந்து வருவதால் சோற்றைப் போலச் சர்க்கரையை ஏற்றாது. முட்டை ஆறேழு ரூபாய். நெத்திலியும் மத்தியும் வரும் நாளில் மற்ற மீனை விட மலிவு. முருங்கை மரம் தெருவுக்குத் தெரு நிற்கிறது.

வேலைக்கு எடுத்துப்போக ஒரு தூக்கு, அவ்வளவுதானே? உங்கள் ஊர்ப் பக்கத்து உளுந்தஞ்சோற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். தோலோடு கறுப்பு உளுந்தும் அரிசியும் சேர்த்து வடிப்பது. அரிசி அதிகம், உளுந்து குறைவு என்பது வழக்கம். சரிக்குச் சரி போடுங்கள். அதில் ஒரு கிண்ணம், அதைப் போல இரண்டு பங்கு முருங்கைக்கீரைப் பொரியல், தேங்காய் வேண்டாம், ஒரு கைப்பிடி வறுத்த கடலையை இடித்துத் தூவினால் போதும். அவித்த முட்டை ஒன்று. எள்ளுத் துவையல். நீங்கள் இதைச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சுகாதார நிலையத்தில் ஒருநாள் பரிசோதித்துப் பாருங்கள். 180க்குள் இருந்தால் உங்களுக்கு இது ஒத்துவருகிறது. மேலே போனால் உளுந்தஞ்சோற்றை அரைக் கிண்ணமாக்கி, கீரையைக் கூட்டிக்கொண்டு மறுபடி பாருங்கள். மாத்திரையின் பெயரை நீங்கள் எனக்கு எழுதவில்லை, அதனால் சோற்றைக் குறைக்கும் முன் ஆஸ்பத்திரியில் கட்டாயம் சொல்லுங்கள்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது மாதத்தில் என் மூன்று மாத சராசரி 6.6க்கு வந்தது. எடை 71லிருந்து 64. அதன் பிறகு எல்லா வருடமும் நேர்கோடாகப் போகவில்லை. அப்பா இறந்துபோன வருடம் 7.8 வரை ஏறியது. அந்த மாதங்களில் நான் எதையும் அளக்கவில்லை, யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிச் சாப்பிட்டேன். காரியமெல்லாம் முடிந்து வீடு அமைதியான ஒரு மதியம், அம்மாதான் ரசத்தை டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து முன்னால் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து மறுபடி தராசை எடுத்தேன். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் இரண்டு ஸ்பூன் சாப்பிடுகிறேன், தீபாவளிக்கு ஒரு அதிரசத்தில் பாதி. அதைக் குற்றமாக நினைப்பதை எப்போதோ விட்டுவிட்டேன்.

அடுத்த இதழிலிருந்து நம் சமையல் பக்கத்தில் இரண்டு மாற்றம். ஒவ்வொரு குறிப்பின் கீழும் ஒரு ஆளுக்கான மாவுச்சத்து எத்தனை கிராம் என்று போடப்போகிறோம். உள்ளூர் மளிகைக் கடையிலோ சந்தையிலோ கிடைக்காத சாமான் எதுவும் அந்தப் பக்கத்தில் வராது. முதல் குறிப்பு காணத் துவையல். மற்றவற்றை உங்களிடம் கேட்கிறேன். சோறு குறைவாகவும் வயிறு நிறைவாகவும் உங்கள் வீட்டில் செய்கிற எதுவானாலும் எழுதி அனுப்புங்கள், உங்கள் ஊர்ப் பேச்சிலேயே. தராசு இல்லாவிட்டால் கவலை வேண்டாம். ஆழாக்கு, உழக்கு, டம்ளர், கைப்பிடி, எந்தக் கணக்கில் எழுதினாலும் சரி, இங்கே சமைத்து எடைபோட்டுக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்